தட்டை மூடும் கை

மார்ச் 4

அன்பு நாத்தனாருக்கு,

ஆண்டவன் காப்பில் உன் அண்ணன் அப்படியேதான் இருக்கிறார். பக்கவாதம் வந்தபின் அவர் வாயில் மிஞ்சியது ஒரே வார்த்தை, "போதும்". நேற்று டயாலிசிஸ் நடக்கும்போதும் அதையே சொன்னாராம். "மெஷினை நிறுத்தச் சொல்றாரோ?" என்கிறார் டாக்டர். நிறுத்தினால் பத்து நாள் தாங்குவதே கஷ்டமாம்.

நீயும் போனில், "அண்ணனே போதும்ங்கிறாரு, விட்டுடுங்க அண்ணி" என்றாய். இன்னும் உறுத்துகிறது. "போதும் போதும்" என்றபடியே தட்டை நீட்டுகிற மனுஷர் அவர்! முப்பத்தோரு வருஷம் பரிமாறிய எனக்குத் தெரியாதா? நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். இந்த வாரம் இருபத்து மூன்று "போதும்". தலையணையைச் சரிசெய்ததற்கு, ஜன்னலைத் திறந்ததற்கு. நான் ஜபம் சொன்னதற்கும் ஒன்று.

ஏழாம் தேதி மருத்துவ நெறி ஆலோசகர் என்று ஒரு அம்மா வருகிறாராம். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. நோயாளிக்கு எது நியாயம் என்று யோசிப்பதுதான் வேலையாம். அதற்கும் ஒரு படிப்பு இருக்கிறது பார்!

அண்ணி

மார்ச் 5

அன்புள்ள அண்ணிக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். நீங்கள் பரிமாறியவர், நான் அண்ணனோடு ஒரே தட்டில் சண்டை போட்டுச் சாப்பிட்டவள். ஊசி குத்திக் குத்தி வீங்கிய அந்தக் கையைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணனைப் பிடித்து வைத்திருப்பது அவருக்காகவா, உங்களுக்காகவா? அந்த அம்மா வந்தால் என் பேச்சையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நாத்தனார்

மார்ச் 9

என் அன்பு நாத்தனாருக்கு,

உன் கடிதத்தையே அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நிதானமாகப் படித்தார். என் நோட்டையும் பக்கம் பக்கமாகப் பார்த்தார். தீர்ப்பு சொல்வார் என்றிருந்தேன். அவரோ, "நெஜமாவே போதும்னா, சாப்பிடறப்ப என்ன பண்ணுவாரும்மா?" என்று கேட்டார்.

"கையால தட்டை மூடிடுவாரு."

சொல்லிவிட்டு நோட்டைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, உன் அண்ணன் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தார். "ஐயா, வலி மருந்து?" "போதும்." கை விரிந்தே கிடந்தது. "வீட்டம்மா பக்கத்துல இருக்கிறது?" "போதும்" என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்! நர்ஸ் சிரித்துவிட்டாள்.

"இந்த மெஷின்? நிறுத்தினா உயிர் இருக்காதுங்கய்யா."

இதற்கு உன் அண்ணனிடமிருந்து "போதும்" வரவில்லை. நல்ல கையைத் தூக்கி, மற்றக் கையில் ஊசி ஏறும் இடத்தின்மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தார்.

அந்த அம்மா மறுநாளும், அதற்கு மறுநாளும் வந்து கேட்டார். அதே கை. பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. இது அதுதானா?"

வலியில் பிடிக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"அதுதாம்மா" என்றேன்.

பூஜையில்கூட எனக்கு உடம்பு இப்படிச் சிலிர்த்ததில்லை. ஒரு மனுஷரிடம் ஒன்று கேட்பதற்கு இத்தனை பக்தி வேண்டுமா! அவர் பிழைக்கவேண்டும் என்று சாமியிடம் தினமும் கேட்டேனே தவிர, அவரிடம் ஒரு நாள் கேட்டேனா?

வியாழக்கிழமை வீட்டுக்கு அழைத்து வருகிறோம். முன்னாடியே வந்துவிடு. நீங்கள் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுங்கள். அவர் கை தட்டை மூடும்வரை நான் பரிமாறுகிறேன்.

உன் அண்ணி