ஊறாத கல்யாணப் பத்திரிகை

ஜூலை 6, ஞாயிறு

எனக்கும் யுவனுக்கும் குறித்திருந்த கல்யாணத் தேதி போய் ஒரு மாதம் ஆகிறது. மீந்த பத்திரிகைகள் இன்னும் பரணில்தான். வேலை போனதும் யுவன், "கொஞ்சம் தள்ளி வச்சுக்கலாம்" என்றான். எவ்வளவு தள்ளி என்று அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. உலர் குப்பை வண்டியில் போட்டுவிடலாமா என்றேன். கல்யாணப் பத்திரிகையை யாராவது குப்பையில் போடுவார்களா என்று அம்மா முறைத்தாள். அதுவும் சரிதான். அப்பா போன பிறகு அவள் தன் பெயர் போட்டு எல்லோரையும் அழைத்த முதல் விசேஷம்.

சாயங்காலம் அவள் கோயிலுக்குப் போனதும் ஒரு கட்டுப் பத்திரிகையை எடுத்துக் கிழித்து வாளியில் ஊறப் போட்டேன். காகிதக் கூழில் ஜாடி செய்யும் வீடியோ பார்த்தேன், அதனால்தான். வேறு காரணம் இல்லை. இல்லையா?

ஜூலை 8

வழவழ அட்டை, லேசில் ஊறுகிறதா! வெந்நீர் ஊற்றி, வெந்தயம் சேர்த்து, மிக்ஸியில் அரைத்தேன். தங்க எழுத்து மட்டும் அரைபடவில்லை. கூழுக்குள் 'சௌ' ஒரு பக்கம், 'வன்' ஒரு பக்கம். வீட்டிலிருந்த பழைய எவர்சில்வர் குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் அப்பி, பால்கனியில் துணிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

ஜூலை 9

தூறல். காயவில்லை.

ஜூலை 13

யுவனிடமிருந்து மெசேஜ். "சாப்டியா?" அவ்வளவுதான். கட்டிக்கொள்ளப் போகிறவன் கேட்பதா, தெரிந்தவன் கேட்பதா? "ம்" என்று அனுப்பினேன். உண்மையில் அப்போது சாப்பிட்டிருக்கவில்லை.

ஜூலை 17

ஆபீசில் மஞ்சுநாத் சார் கன்னடத்தில், "மதுவே யாவாக?" என்றார். கல்யாணம் எப்போதாம். "மழை நிக்கட்டும் சார்" என்றேன். என்ன பதில் இது?

ஜூலை 20

மாட்டிக்கொண்டேன். குழாயில் காவிரித் தண்ணீர் வந்த நேரத்தில் அம்மா குடத்தைத் தேடினாள். குடம் என் கூழுக்குள். கழுத்துவரை அப்பியது என் முட்டாள்தனம். காய்ந்த பிறகு கழற்ற முடியவில்லை. தங்க எழுத்தைப் பார்த்துவிட்டாள். திட்டவில்லை.

"தள்ளித்தானடி வச்சிருக்கு? கிழிக்கிற அளவுக்கு என்ன ஆச்சு?"

என்னதான் ஆச்சு? எனக்கே தெரிந்தால் சொல்ல மாட்டேனா? மிச்சப் பத்திரிகைகளை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

ஆகஸ்ட் 2

ஜாடியை இரண்டாக அறுத்துத்தான் குடத்தை வெளியே எடுத்தேன். மைதாப் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். கோணல்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆடி முடிந்த கையோடு யுவன் அவன் அக்கா பிரபாவை அழைத்துக்கொண்டு வந்தான். வேலை கிடைத்துவிட்டதாம். ஐப்பசியில் வைத்துக்கொள்ளலாம் என்றார் பிரபாக்கா. அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கேசரியில் அத்தனை நெய்.

அவனை வழியனுப்பப் படியிறங்கும்போது, இத்தனை நாள் ஏன் பேசவில்லை என்று கேட்டேன்.

"வேலை இல்லாதவன் என்னத்தப் பேசுறது? நீ ஏன் போன் பண்ணல?"

நியாயமான கேள்வி. நான் ஏன் பண்ணவில்லை? கோபமா? இல்லை. கோபம் இருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். மறந்துபோச்சா? எனக்கு அவனை மறந்தே போச்சா?

அவன் பைக் தெருமுனை திரும்பியது. மேலே வந்து தட்டைப் போட்டு உட்கார்ந்தேன். நல்ல பசி.

ஆகஸ்ட் 20

புதுப் பத்திரிகைக்கு மாதிரி பார்க்க எப்போது போகலாம் என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள். ஜாடிக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 23

போன் செய்துவிட்டேன்.

"வேணாம் யுவன்."

வேறு யாராவது இருக்கிறார்களா என்றான். இல்லை என்றேன். அப்புறம் ஏன் என்றான். தெரியவில்லை என்றேன். அதுதான் உண்மை, வேறு என்ன சொல்ல? திரும்பினால் அம்மா சமையலறை வாசலில். குக்கரை அணைத்துவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டாள். அழுதாளா தெரியாது. நான் அழுதேன். எதற்கென்றுதான் புரியவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலையில் பீரோ திறக்கிற சத்தம். எழுந்து வந்தால், அம்மா கூடத்தில் கட்டுகளை அவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் வாளியில் வெந்நீர். ஒவ்வொன்றாக எடுத்து, மூலையில் தடவியிருந்த மஞ்சளை முந்தானையால் துடைத்துவிட்டுக் கிழித்தாள். நானும் எதிரில் உட்கார்ந்தேன். ஒன்றை எடுத்துக் கிழித்து வாளியில் போட்டேன்.

"இன்னும் சின்னதாக் கிழிக்கணுமாடி?" என்று கேட்டாள்.