ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்று முதல் ஆறு வரை

ராஜபாளையம்
12.6.1996

அன்புத் தங்கைக்கு,

காரியமெல்லாம் முடிந்து அப்பாவின் பெட்டியைத் திறந்தபோது, பேர் ஒட்டிய ஆறு கறுப்புக் கற்கள் இருந்ததாக எழுதியிருந்தாய். மியூசியத்துக்குக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறாய். வேண்டாம். அவை விண்கற்கள் இல்லை.

எண்பத்தெட்டில் செண்பகத்தோப்புப் பக்கம் விண்கல் சிதறி விழுந்தபோது, துண்டுகளை வகை பிரித்துப் பேர் எழுதும் வேலை எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் எனக்கு. விழுந்த ஊரும் ஒரு எண்ணும்தான் பேர். ஒரு சனிக்கிழமை வாசலில் அப்பா நின்றார். உன் அத்தானை நான் சர்ச்சில் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து நாலு வருஷமாகப் பேசாதவர், தோள்துண்டின் முடிச்சை அவிழ்த்து ஒரு கல்லை நீட்டினார்.

“ஏட்டி, நம்ம கொல்லையில கிடந்துச்சு. வானத்துல இருந்து விழுந்ததான்னு பாரு.”

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மில் பாய்லரில் எரிந்து இறுகிய நிலக்கரிக் கட்டி. இருபது வருஷம் அதே பாய்லருக்குக் கரி அள்ளிப் போட்டவருக்கு அது தெரியாதா? ஆனாலும் நான் காந்தம் வைத்துப் பார்த்தேன், எடை போட்டேன், ‘ஸ்ரீவில்லிபுத்தூர் 1’ என்று எழுதி ஒட்டினேன்.

“சோதிக்க ஒரு வாரம் ஆகும்ப்பா. வேற கிடைச்சாலும் கொண்டாங்க.”

அடுத்த சனிக்கிழமை இன்னொன்று கொண்டுவந்தார். அதற்கடுத்த வாரமும். போன வாரக் கல்லைத் திருப்பி வாங்கிக்கொண்டு, காப்பி குடித்துவிட்டு, ஐந்து மணி ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்குப் போய்விடுவார். உன் அத்தான் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஏழாவது சனிக்கிழமை வெறுங்கையோடு வந்தார்.

“இன்னைக்குக் கல்லு ஒண்ணும் ஆப்புடலை” என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “மாப்பிள்ளை வீட்டுல இருப்பாவளா?” என்று கேட்டார்.

ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு, இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்கு வந்தோம்.

உன் அக்கா