வாப்பாவின் நீலச் சாரம்

உம்மா,

நீங்கள் அடங்கியிருக்கும் கபுறில் வெளிச்சம் குறையாமல் இருக்கட்டும். பிறக்கப்போகும் பிள்ளைக்குத் துணி தேடித்தான் நேற்று உங்கள் அலுமாரியைத் திறந்தேன். புதுத்துணி உறுத்தும், இடுப்பில் உடுத்துப் பழசான சாரமென்றால் பஞ்சு மாதிரி இருக்கும் என்று சாச்சி சொல்லியிருந்தார். அடித்தட்டில், பூச்சி உருண்டை மணக்க, வாப்பாவின் நீலச் சாரம் இருந்தது. கிழிக்கலாமா என்று கேட்டதும் உங்கள் தங்கையின் முகம் மாறிவிட்டது. அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அதைச் சொல்லுமுன் போன கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் பயம் உங்களுக்குத் தெரியும். ஏ.எல். படிக்கும் காலத்தில், வகுப்பின் நடுவில் நெஞ்சை அடைத்து, கை குளிர்ந்து, இப்போதே உயிர் போய் மௌத்தாகிவிடுவேன் என்று எழுந்து ஓடிவந்தேன். நீங்கள் தண்ணீர் ஓதிக் கொடுத்தீர்கள். அதன் பிறகு யாருக்கும் தெரியாமல் டாக்டரிடம் கூட்டிப்போனீர்கள். "ஒண்டுமில்ல மகள், ஒண்டுமில்ல" என்று முதுகைத் தடவுவீர்கள். மாத்திரையைப் பால்மா டின்னுக்குள் ஒளித்து வைத்ததும், மாப்பிள்ளை வீட்டுக்கு இது தெரியவேண்டாம் என்றதும் நீங்கள்தான். நானும் ஓம் என்றேன். சுனாமியில் கடல் வந்ததைக் கண்ணால் கண்டவர்கள் அதே கரையில் நின்று மீன் விலை பேசுகிறார்கள். அப்போது பிறக்கவேயில்லாத நான் மழை இரைந்தால் நடுங்குகிறேன். இந்த வெட்கக்கேட்டை யாரிடம் சொல்வது?

வயிற்றில் பிள்ளை தங்கியதும் மாத்திரையை நானாகவே நிறுத்தினேன். பயம் வட்டியோடு திரும்பி வந்தது. வயிற்றுப் பிள்ளைக்கு ஸ்கேன் பார்க்கப் போவதாக இவரிடம் பொய் சொல்லிவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு கல்முனைக்குப் போனேன். அங்கே மனநல டாக்டரம்மா என்னைக் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டார். கடைசியில், "உங்கட உம்மா உங்களச் சுமந்திருக்கக்குள்ள எப்படி இருந்தாங்க?" என்றார்.

நான் வயிற்றில் இருக்கும்போதுதான் சுனாமியில் வாப்பா போனார் என்றேன்.

"இதுதான் காரணம் எண்டு சொல்ல ஏலாது. தாய் தாங்கின பாரம் புள்ளைக்கும் கொஞ்சம் படலாம், படாமலும் போகலாம். இப்ப உங்கட கையில இருக்கிறது ஒண்டுதான். மருந்த நீங்களா நிப்பாட்டாதீங்க. வீட்டில மறைக்காதீங்க."

'படாமலும் போகலாம்' என்றதை என் காது எடுக்கவில்லை. முச்சக்கரவண்டியில் வரும்போது மனம் லேசானது. அப்பாடா, இது என் கோளாறு இல்லை, உம்மாவின் வயிற்றிலிருந்து வந்தது! ஆளில்லாத உங்கள் தலையில் முழுவதையும் கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சோறு தின்றேன் உம்மா.

அந்தச் சோறு நேற்றுத்தான் தொண்டையில் சிக்கியது. சாரத்தைத் தடவியபடி சாச்சி சொன்னார். சுனாமியன்று நீங்களும் வாப்பாவும் சம்மாந்துறையில் சாச்சி வீட்டில் விருந்துக்கு நின்றீர்களாம். கடையைத் திறந்துவிட்டு வருகிறேன் என்று, இந்தச் சாரத்தை அவிழ்த்துப் போட்டுவிட்டு வாப்பா கரைப்பக்கம் போனாராம். வாப்பாவின் மையத்து அன்றைக்கே கிடைத்து, அன்றைக்கே அடக்கியும் விட்டார்கள். ஆனால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று குடும்பமே வாயைக் கட்டிக்கொண்டது. எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் இருப்பார், தேடுகிறோம் என்று உங்களுக்குச் சொன்னார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள்.

"ராத்தாக்கு, உன்ட உம்மாக்கு, முதல் கிழமையே தெரியும் புள்ள" என்றார் சாச்சி. "பக்கத்து வளவுல மௌத்தானவங்களுக்குக் கத்தம் ஓதினாங்க. துஆவுல உன்ட வாப்பாட பேரு கேட்டிச்சி. எழும்பிப் போய் ஜன்னலச் சாத்தினா. என்ட கையப் புடிச்சி, 'நீயும் கேக்கல்ல, நானும் கேக்கல்ல. நான் அழுதா எல்லாரும் புள்ளய நினைச்சிப் பயப்படுவாங்க' எண்டா."

அன்றிலிருந்து வெள்ளிக்கு வெள்ளி இந்தச் சாரத்தைக் கழுவிக் காயப்போட்டிருக்கிறீர்கள். வருவார் என்று நீங்கள் நம்புவதாக அவர்கள் நம்பவேண்டுமே! கணவன் போனால் ஒரு பெண்ணுக்குத் தனித்திருந்து துக்கம் காக்க இத்தா என்று ஒரு காலம் உண்டு. அதுகூட உங்களுக்குக் கிடைக்கவில்லை. நான் பிறந்த பிறகுதான் மாமா விஷயத்தைச் சொன்னாராம். கூடவே, "புள்ள பொறந்ததோட இத்தாவும் முடிஞ்சி" என்றாராம். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்குப் பிள்ளை பிறந்ததும் இத்தா முடியும், மார்க்கச் சட்டப்படி சரிதான். அழுவதற்கு நீங்கள் வாயைத் திறந்தீர்களாம், சத்தம் வரவில்லையாம்.

எனக்காக அழாமல் இருந்த உம்மாவின் மேல்தான் நான் பழியைப் போட்டேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு உங்கள் கபுறடிக்கு வருவது? அதைவிட வெட்கம், நானும் அதே ஜன்னலைத்தான் சாத்திக்கொண்டிருக்கிறேன். என் பிள்ளையும் உள்ளேயிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

நேற்றுப் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு இவர் வந்தபோது, பால்மா டின்னைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டின்னைத் திறந்து மாத்திரையை வெளியே எடுத்தார்.

"மாமிக்கும் தெரியுமா?"

"ஓம்."

அவர் முகம் சுருங்கியது. உங்களை அவர் தன் உம்மா போலத்தான் வைத்திருந்தார். உங்களுக்காகப் பரிந்து பேச எனக்கு வாய் வரவில்லை, மன்னித்துவிடுங்கள். அவர் எழுந்து வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். "நாளைக்கு நானும் டாக்டர்ட்ட வாறன்" என்றார். கோபம் போகவில்லை. இரவு சோற்றைத் தானே போட்டுத் தின்றார்.

சாரத்தை நான் கிழிக்கவில்லை. பிள்ளையைச் சுற்றி எடுக்க முழுதாகவே வைத்திருக்கிறேன்.

இன்று விடியற்காலை மழை இரைந்தது. நெஞ்சு அடைத்தது. இவர் விழித்து, "என்ன?" என்றார். உங்கள் "ஒண்டுமில்ல" என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"பயமா இரிக்கி" என்றேன்.

உங்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன், உம்மா.