ராஜம் அக்கா தண்டனை பெஞ்சில் உட்கார்ந்த மதியம்

என் ராஜம் அக்காவுக்கு,

செங் ஊரில் இருக்கும் என் பேத்தி யாழினியைப் போன வாரம் பள்ளி விட்ட பிறகும் ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். வகுப்பில் கைப்பேசி பார்த்தாளாம். என் மருமகள் கொதித்துப் போய்விட்டாள். "எம் புள்ளய எப்படி உக்கார வைக்கலாம்?" என்று பெற்றோர் குழுவில் எழுதித் தள்ளிவிட்டு, கடைசியில் என்னிடம் வந்து, "நீங்க என்னத்த சொல்றீங்க?" என்றாள்.

நான் என்ன சொல்வேன்? டிட்டென்ஷன் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உன் முகம்தான் வருகிறது. சிரிப்பும் வருகிறது. அவளுக்கு அது புரியாது. உனக்குப் புரியும்.

மலாய் நாடு சுதந்திரம் வாங்கப்போகிற வருஷம் அது. காஜா பெராங்கில் நம் பலகை வீட்டில் ஏழு பிள்ளைகள். ஒருவர் பேசுவதை இன்னொருவர் முழுதாகக் கேட்டதே கிடையாது. நீ மூத்தவள், கடைசி வருஷப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். பள்ளியில் பிரிஃபெக்ட் வேறு, பிள்ளைகளைக் கண்காணிக்கும் மாணவத் தலைவி. நான் அதே இங்கிலீஷ் ஸ்கூலில் அப்போதுதான் பெரிய வகுப்புக்கு வந்திருந்தேன். நீ சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு நடந்தால் நான் பத்தடி தள்ளித்தான் வருவேன். அவ்வளவு மரியாதை, அவ்வளவு பயம்.

பள்ளி வளாகத்துக்குள் இங்கிலீஷ் தவிர வேறு பேசக்கூடாது என்று சட்டம். தமிழோ மலாயோ சீனமோ, வாயில் வந்தால் பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, 'நான் பள்ளியில் ஆங்கிலமே பேசுவேன்' என்று தாள் நிறைய எழுத வேண்டும். ஒருநாள் கறுத்துக்கொண்டு மழை வந்தது. நீ மைதானத்தின் அந்தக் கோடியில் நின்றாய். நான் என்னை மறந்து, "அக்கா, மழ வருது, ஓடியா!" என்று கத்திவிட்டேன். நீ ஓடித்தான் வந்தாய். வந்து என் பெயரை எழுதிக்கொண்டு போனாய்.

அன்று அம்மா உன்னைப் பேசிய பேச்சு! "சொந்தத் தங்கச்சியவே புடிச்சுக் குடுத்திருக்கியே, நீயெல்லாம் ஒரு அக்காவா?" நீ அரிசி களைந்துகொண்டிருந்தாய்.

ஆனால் அம்மாவுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. தண்டனை வகுப்பைப் பார்த்துக்கொள்வதும் உன் வேலைதான். ஒரு மணி நேரம் முன் மேசையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாய், என் பக்கம் திரும்பவே இல்லை. பஸ் போய்விட்டதால் இருவரும் நடந்தே வீட்டுக்கு வர வேண்டியதாயிற்று. பள்ளி கேட்டைத் தாண்டினோமோ இல்லையோ, என் விரல்களைப் பிடித்து அமுக்கிக்கொண்டே, "கை வலிக்குதா, குட்டி?" என்று கேட்டாய். தமிழில்.

அக்கா, அதற்கு முன் நீ என்னோடு தனியாகப் பேசிய ஞாபகமே எனக்கு இல்லை. சிவப்பு சிரப் ஊற்றிய ஐஸ் உருண்டை ஒன்றை வாங்கி, மாற்றி மாற்றி உறிஞ்சிக்கொண்டே வந்தோம். கடைகளில் புதுக் கொடிகள் தொங்கின. உனக்குப் பாட வரும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு என் வாய் எங்கே அடங்கியது? அடிக்கடி மாட்டினேன், அடிக்கடி நடந்தோம். "வேணும்னே மாட்டுறியாடி?" என்று ஒருநாள் கேட்டுவிட்டு நீயே சிரித்தாய்.

அப்படி ஒரு நடையில்தான் கல்யாணப் பேச்சைச் சொன்னாய். தம்பின் ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கும் மாப்பிள்ளை. பெண் பார்க்க வருகிறார்கள், பிடித்துவிட்டால் பரீட்சை வரை காத்திருக்க மாட்டார்கள். "அம்மாகிட்ட சொல்லிப் பாத்தேன், கமலம். படிச்சது போதுங்கிறாங்க. டீச்சராவணும்னு சொன்னா சிரிக்கிறாங்க." நீ அழவில்லை. நான்தான் நடுரோட்டில் நின்று அழுதேன்.

அவர்கள் வருகிற நாள், பள்ளி விட்டதும் நேராக வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார் அப்பா. கடைசி மணிக்கு முன்னால் வகுப்பு மாறும்போது உன்னை வராந்தாவில் பார்த்தேன். மிஸ் பக்கத்திலேயே நின்றார். நீ என்னைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, தமிழில், "கமலம், நான் இன்னிக்கு வீட்டுக்கு வர மாட்டேன்" என்றாய்.

வராந்தாவே நின்றுவிட்டது. மிஸ்ஸுக்கு உன் மேல் தனிப் பிரியம். காதில் விழாதது போல் இருந்துவிடுகிறேன், நீ வகுப்புக்குப் போ என்று இங்கிலீஷில் மெல்லச் சொன்னார். நீ போகவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு அதே வாக்கியத்தை இன்னும் சத்தமாகச் சொன்னாய்.

அன்று நீ முன் மேசையில் இல்லை. பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாய். எனக்குத் தண்டனை இல்லை, ஆனால் உன்னை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் வாசலில் நின்றேன். உன் முகம் எப்படி இருந்தது தெரியுமா? தூங்கி எழுந்த குழந்தை மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அப்பா வந்துவிட்டார். பஸ் கம்பெனிப் பட்டறையிலிருந்து அப்படியே, சட்டையெல்லாம் கிரீஸ், கையில் சைக்கிள். மிஸ் சொன்ன இங்கிலீஷ் அவருக்கு விளங்கவில்லை. நான்தான் சொன்னேன்: "ஒரு மணி நேரம் முடிஞ்சாதான் விடுவாங்களாம்பா."

"யார? உன்னயா?"

"இல்லப்பா. அக்காவ."

மிஸ்ஸின் கண் எதிரிலேயே தமிழில் பேசிவிட்டேன். அவர் என்ன நினைத்தாரோ, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா வெளியே மரத்தடியில் போய் உட்கார்ந்தார். வீட்டில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று அவர் மிஸ்ஸிடம் கெஞ்சியிருக்கலாம். கெஞ்சவில்லை. ஜன்னல் வழியாக நீ எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். ஜாலான் பெண்டஹாரா ரோட்டைத் தாண்டியதும் உன்னைக் கேட்டார்.

"வேணும்னுதானே பேசுன?"

"ஆமாம்பா."

"வீட்டுல எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"வீட்டுல நான் சொன்னா யாருப்பா கேக்குறா?"

அப்பா சைக்கிளை இன்னும் வேகமாகத் தள்ளினார். நாம் போய்ச் சேர்ந்தபோது வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டு பஸ் ஏறியிருந்தார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அதுவரை அம்மாவை எதிர்த்து ஒரு சொல் சொல்லாத அப்பா அன்று வாயைத் திறந்தார். "ஊரே மெர்டேக்கா, சுதந்திரம்னு கத்துது. நம்ம வீட்டுல ஒரு புள்ள வாயத் தொறந்தா மட்டும் குத்தமா? பரீட்ச முடியட்டும்."

மறுநாள் காலை எல்லார் முன்னாலும் உன் பேட்ஜைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். சட்டையில் இரண்டு சின்ன ஓட்டைகள் மிச்சம். நீ தலை குனியவில்லை. நான் குனிந்துகொண்டேன், அழுவதை யாரும் பார்க்கக்கூடாதென்று.

அந்தக் கிராணி எப்படிப்பட்டவரோ? நல்லவராகத்தான் இருந்திருப்பார். அவர் முகத்தைக்கூட நாம் பார்க்கவில்லை. பின்னால் அத்தானை நீயே பார்த்துச் சரி சொல்லிக் கட்டிக்கொண்ட பிறகு, ஒருநாளாவது அந்தக் கிராணியை நினைத்தாயா, அக்கா? கேட்க வேண்டும் என்றிருந்தேன். கேட்காமலே இருந்துவிட்டேன்.

நீ டீச்சரானாய், கிளேபாங் பள்ளியில் தலைமையாசிரியையாகவும் ஆனாய். தண்டனை வகுப்பை மட்டும் நீ நிறுத்திவிடவில்லை. ஆனால் எந்தப் பிள்ளையையும் அது பேசிய பாஷைக்காக உட்கார வைக்கவில்லை. உட்கார வைத்த பிள்ளைகளோடு நீயும் உட்காருவாய். நீ ஆபீஸில் போய் உட்காரக்கூடாதா என்று நான் கேட்டதற்கு, "எல்லாரும் போனப்புறம்தாண்டி புள்ளைங்க வாயத் தொறக்குது" என்றாய்.

இப்போது உன் வீட்டுச் சேதி. உன் வருஷ திதிக்குச் சாப்பாடு போடுகிறாள் உன் மகள் செல்வி. பழைய மாணவிகள் நிறையப் பேர் வருகிறார்களாம், நான் நாலு வார்த்தை பேச வேண்டுமாம். "அம்மா ஸ்கூல்ல ஒருநாள்கூட தண்டன வாங்கினதில்லதானே சின்னம்மா? அத மறக்காம சொல்லிடுங்க" என்கிறாள். அவளிடம் நீ எதையுமே சொல்லவில்லையா? இத்தனை வருஷமாகவா?

நான் சொல்லிவிடப் போகிறேன், அக்கா. யாழினியை முன் வரிசையில் உட்கார வைத்து, அந்த வராந்தாவில் நீ இரண்டாம் முறை பேசினாயே, அந்தச் சத்தத்திலேயே சொல்வேன். உன் மகள் வாய் பிளக்கட்டும். இது சத்தியம்.

உன் கூடவே நடந்து வந்த தங்கச்சி,
கமலம்