முதுகு காட்டும் மர்வா

4.11.1996, திங்கள்
மழை. வண்ணார்பேட்டை முழுக்கச் சேறு. பிள்ளைகளின் கால்களைக் கழுவிவிடுவதிலேயே காலை போய்விட்டது.

எங்கள் மழலையர் பள்ளியின் தலைமை ஆசிரியை காமாக்ஷி டீச்சர், கதை நேரத்தில் மர்வாவைக் கவனித்துக்கொண்டே இருக்கச் சொன்னார். நாலு வயதுக் குழந்தை, காது அநேகமாகக் கேட்காது. மற்றப் பிள்ளைகளோடு இருந்தால் பேச்சு வருமென்று ஜூனில் சேர்த்துக்கொண்டோம். இதுவரை ஒரு சத்தம் வரவில்லை. கதையிலும் ஒட்டவில்லை என்றால், மாதக் கடைசியில் விடுதியோடு இருக்கும் காது கேளாதோர் பள்ளிக்கு அனுப்பிவிடலாம் என்கிறார்.

நாலு வயதில் விடுதியா? அவள் அம்மாவிடம் இதை யார் சொல்வது? நான்தான், வேறு யார்.

6.11
யானை ஆற்றைக் கடக்கும் கதை. போலியோவால் காலில் இரும்புப் பட்டை போட்ட சாய்ராம், "கொக்கிரகுளம் ஆத்துலயா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுத் திறந்த வாயை மூடவே இல்லை. மர்வா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தோளைப் பிடித்துத் திருப்பினேன். மறுபடியும் முதுகு.

என் கதைக்கு முதுகு காட்டிய முதல் ஆள் இவள்தான். கோபம் வந்தது, மறைப்பானேன்.

7.11
முதுகு.

13.11
தீபாவளி விடுமுறை முடிந்தது. உதட்டையாவது பார்க்கட்டும் என்று என் முகத்துக்கு நேரே உட்கார வைத்தேன். அழுதாள். சத்தமில்லாத அழுகை. போதும் ஹெப்சிபா, விட்டுவிடு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

20.11, புதன்
இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

என் நாற்காலியின் கால் ஒடிந்துவிட்டதால், தரையில் உட்கார்ந்து யானைக் கதையைத் தொடங்கினேன். மர்வா உட்கார்ந்தபடியே பைய நகர்ந்து வந்து, என் முதுகில் தன் முதுகை ஒட்டிக்கொண்டாள். நான் கதையை நிறுத்தவில்லை. யானை தண்ணீரில் இறங்கும் இடத்தில் குரலைத் தாழ்த்தி, தொம், தொம் என்றேன். பின்னால் தரையில் ஏதோ தட்டும் சத்தம்.

"டீச்சர், மர்வாவும் யானை மாதிரி தட்டுதாளே" என்றான் சாய்ராம்.

நிறுத்திப் பார்த்தேன். தட்டும் சத்தமும் நின்றது. தொடங்கினேன். தொடங்கியது.

கேட்கிறாள். முதுகால் கேட்கிறாள். இத்தனை நாளும் வா வான்னு முதுகைக் காட்டியிருக்கா, நான் பிடிச்சுப் பிடிச்சுத் திருப்பியிருக்கேன் — என்ன டீச்சர் நான்?

மாலையில் கூட்டிப்போக வந்த அவள் அம்மா ஹமீது பீவியிடம் கேட்டேன். "பீடி சுத்துதப்போ எனக்குக் கை ஒழியாதுல்லா டீச்சர். அவ எம் முதுவுல சாஞ்சுக்கிடுவா. நாம்பாட்டுக்குக் கதை சொல்லிக்கிட்டே சுத்துவேன்" என்றாள், அதில் என்ன அதிசயம் என்பதுபோல. மேலப்பாளையம் பஸ் வந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

25.11
இப்போது எல்லாருக்கும் முதுகு வேண்டுமாம். இரண்டிரண்டு பேராக முதுகோடு முதுகு சாய்ந்து கதை கேட்கிறார்கள். என்னை ஒருவரும் பார்ப்பதில்லை. எழுந்து ஓடுகிறவர்களும் இல்லை.

29.11, வெள்ளி
காமாக்ஷி டீச்சர் வகுப்புக்கு வந்தார். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கண்டு முகம் சுருங்கியது. "என்ன ஹெப்சிபா இது?"

"கொஞ்சம் கீழ உக்காருங்க டீச்சர்."

புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கதை முடிந்ததும் மர்வா என்னை விட்டு எழுந்துபோய், அவர் முதுகில் தன் முதுகை வைத்து உட்கார்ந்தாள்.

அப்புறம்தான் அது நடந்தது. ம்ம்ம் என்று ஒரு குரல். மர்வாவின் குரல். சொல் எதுவும் இல்லை. ஏறியது, இறங்கியது, நடுவில் உள்ளங்கையால் தொம், தொம். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தார்.

குரல் நின்றது.

"யானை அக்கரைக்குப் போய்ச் சேர்ந்துடுத்து" என்றார் காமாக்ஷி டீச்சர், கண்ணைத் திறக்காமலே.

போகும்போது வாசலில் நின்றார். "விடுதியெல்லாம் வேண்டாம். அந்த நாற்காலியையும் சரி பண்ண வேண்டாம்."