கத்தி படாத முகம்

திருப்பதி,
சனிக்கிழமை.

அன்புள்ள தாட்சாயணிக்கு,

நான் நலம். நீயும், உள்ளே இருக்கும் வாண்டும் நலமாக இருக்க வேண்டும். கடிதம் என்றதும் பயந்துவிடாதே, கெட்ட செய்தி எதுவும் இல்லை. செல்போன் கதிர் வயிற்றுக்கு ஆகாது என்று அத்தை உன் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, மாலையில் பத்து நிமிடம் மட்டும் வீடியோவில் உன்னைக் காட்டுகிறார். அதிலும் பாதித் திரை உனக்கு, பாதித் திரை அவருக்கு. பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டியதை மாமியாரை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அதனால் பவன்குமார் சித்தூரில் தன் வீட்டுக்குப் போகும்போது இதைக் கொடுத்தனுப்புகிறேன். கம்பெனியில் எனக்கு இருக்கும் ஒரே சிநேகிதன் அவன்தான். திங்கட்கிழமை திரும்பி வருவான்.

வேளைக்குச் சாப்பிடுகிறேன். படிப்பு பஸ்ஸில்தான் நடக்கிறது. விடிவதற்குள் லீலா மஹால் சர்க்கிளில் கம்பெனி பஸ் ஏறினால், புத்தூர் வரைக்கும் கணக்கு. புத்தூர் தாண்டினால் ஆங்கிலப் பத்திகள். சத்தியவேடு வரும்போது கண் சொருகிவிடும். திரும்பும்போது மொத்த பஸ்ஸும் தூங்குகிறது, நான் ஒருவன் மட்டும் விளக்கைப் போட்டுக்கொண்டு எல்லோரிடமும் திட்டு வாங்குகிறேன். நாள் முழுக்க ஏசி மெஷின் குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறவனிடம், ஒரு தொட்டியை இரண்டு குழாய் நிரப்புகிறது, ஒன்று காலி செய்கிறது, தொட்டி எப்போது நிறையும் என்று கேட்டால் எப்படி இருக்கும்? முதலில் அந்தக் கசிகிற குழாயை மாற்றுங்கடா என்று எழுதத் தோன்றுகிறது.

மாமா என்று கூப்பிட ஆளில்லாத வீடு இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. நேற்று ஒரு கணக்கு வராமல் என்னை நானே சத்தமாகத் திட்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, ஊரிலிருந்து யாராவது வந்திருக்கிறார்களா என்று ஆசையாகக் கேட்டார். யாரும் இல்லை என்று சொல்வதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது.

என் தாடியைப் பற்றித்தான் எழுத வந்தேன். உனக்கு ஐந்தாம் மாதம் பிறந்த அன்றே அத்தை, “புள்ள பொறக்கிற வரிக்கும் மாப்ள மூஞ்சில கத்தி படக்கூடாது, மல ஏறக்கூடாது” என்று சொல்லிவிட்டு உன்னையும் அழைத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து கத்தரிக்கோல்கூடப் பட்டதில்லை. ஊரெல்லாம் மொட்டைத் தலையாகத் திரிகிற திருப்பதியில் நான் ஒருவன் காடாக வளர்த்துக்கொண்டு நடக்கிறேன். நேர்த்திக்கடன் என்று நினைத்து ஜீப்காரர்கள், “கொண்டக்கா சாமி?” என்று மலைக்குக் கூப்பிட்டுக் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். கேண்டீனில் ஐயப்பனுக்கு மாலை போட்டவன் என்று முடிவு செய்து எனக்கு முட்டை வைப்பதையே நிறுத்திவிட்டார்கள். மாலை இல்லை, மனைவி மாசமாக இருக்கிறாள் என்று முட்டைக்காக ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்ல முடியுமா? இரண்டு மாதமாக வெறும் குழம்புதான்.

சிரித்தாயா? இனிமேல்தான் சிக்கல். அடுத்த ஞாயிறு எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு. ஹால் டிக்கெட் வந்துவிட்டது. அதிலிருக்கும் படம், அத்தை உத்தரவு போடுவதற்கு முந்தின நாள் மழமழவென்று ஷேவ் செய்துகொண்டு எடுத்தது. புது மாப்பிள்ளை மாதிரி இருக்கிறேன். முகம் படத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று அதிலேயே அச்சடித்திருக்கிறார்கள். உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். அங்கே இருக்கிற அதிகாரி பார்த்து முடிவு செய்வார் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

தாடியை எடுத்துவிடு, முடிதானே, வளர்ந்துவிடும் என்கிறான் பவன்குமார். போன ஞாயிறு முகம் முழுக்க நுரை போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் கை போகவில்லை. போன தடவை நடந்தது ஞாபகம் வந்துவிட்டது. நுரையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நாளுக்காகத்தான் நான் படிக்கிறேன், தாட்சா. சம்பளத்துக்கு இல்லை, மேனேஜர் பட்டத்துக்கும் இல்லை. வாசலிலேயே போனை வாங்கி லாக்கரில் பூட்டுகிற வேலை எனக்கு வேண்டாம். நீ ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாய். ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது. பெண்டாட்டி கூப்பிட்டால் எடுக்க முடிகிற ஒரு வேலைக்குப் போக வேண்டும். வாண்டு வந்த பிறகு படிக்க நேரம் இருக்காது, அதனால் தேர்வை இந்த வருடமே எழுதி முடிக்கப் பார்த்தேன்.

ஆனால் தாடியை எடுக்கப் போவதில்லை. இப்படியே போகிறேன். விட்டால் எழுதுகிறேன். திருப்பி அனுப்பினால் அங்கிருந்தே சித்தூர் பஸ் ஏறி வந்து உனக்குச் சாத்துக்குடி உரித்துத் தருகிறேன். தேர்வு மையத்திலும் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டுமாம். எங்கே போனாலும் இதுதான். அத்தையிடம் எதுவும் சொல்லாதே. மனம் இருந்தால் நான்கு வரி எழுது.

உன்,
ஹரிபிரசாத்.

சித்தூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். பவன்குமார் அண்ணன் நல்ல பிள்ளை மாதிரி பழப் பைக்கு அடியில் கடிதத்தை வைத்துக் கொடுத்தார். தலையணைக்குள் ஒளித்து வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். “இன்னாடி, தலவாணிய கட்டிப்புடிச்சிக்கினு சிரிச்சிக்கினு கீற” என்று அம்மா கேட்டாள். முட்டையை நினைத்துத்தான் சிரித்தேன். இரண்டு மாதமாக முட்டை துன்னாமல் அந்தக் கணக்கையெல்லாம் எப்படிப் போடுகிறீர்கள்?

மாமா, நாம் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். போன தடவையும் நீங்கள் கத்தி வைக்கவில்லை. மலை ஏறவில்லை. அம்மா சொன்ன ஒன்றையும் நீங்கள் மீறவில்லை. ஆனாலும் நம் பிள்ளை நிற்கவில்லை. நின்றிருந்தால் தாடியால் நின்றது என்று நானும் நம்பியிருப்பேன். உங்கள் தாடி பாவம், அதற்கு அவ்வளவு சக்தி இல்லை.

சனிக்கிழமை காலையில் போய் ஷேவ் செய்துகொள்ளுங்கள். ஒளிக்க வேண்டாம். மாலையில் வீடியோவில் நீங்களே முகத்தைக் காட்டுங்கள். அம்மா கத்துவாள், அழுவாள், அன்றைக்குச் சாப்பிடமாட்டாள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அவளுக்கும் பயம்தான், வேறொன்றும் இல்லை. தாடி இல்லாத உங்கள் முகத்தைப் பார்த்து எனக்கும் எவ்வளவோ நாளாகிவிட்டது. அந்த ஆசையையும் சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்குத் தாடியைவிடப் பெரிய பயம் அந்தப் போன்தான் என்று எனக்குத் தெரியும். அதை வாசலில் கொடுத்துவிட்டுப் போனால் உங்கள் கை எழுதாது. டாக்டரம்மா வியாழக்கிழமைதான் பார்த்தார். துடிப்பு நன்றாக இருக்கிறது என்று எனக்கே கேட்கவைத்தார். இதை எழுதும்போதுகூட உதைக்கிறது, எழுத்து கோணுவது அதனால்தான். ஞாயிறு அன்று நீங்கள் உள்ளே இருக்கும் நேரம் முழுக்க அம்மா பக்கத்தில் அசையாமல் படுத்திருப்பேன். ஒரு முறைகூட உங்களைக் கூப்பிடமாட்டேன். கூப்பிட வேண்டிய அவசியமே வராது. வெளியே வந்ததும் நீங்கள் கூப்பிடுங்கள். அம்மாவிடம் சண்டை போட்டாவது போனை வாங்கி என் கையில் வைத்திருப்பேன். முதல் மணியிலேயே எடுப்பேன்.

தைரியமாக உள்ளே போய் எழுதுங்கள் மாமா. நாங்கள் இரண்டு பேரும் இருப்போம்.

உங்கள்,
தாட்சாயணி.