கறுப்பு மாறாத தகடுகள்

அன்புள்ள உங்களுக்கு,

ஸ்வீடனில் குளிர் தொடங்கிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். இங்கே வலங்கைமானில் சம்பா நடவு, காற்றே நனைந்துகிடக்கிறது.

என் பெரோவ்ஸ்கைட் சோலார் தகடுகளுக்கு ஈரம்தான் எமன். பட்டால் கறுப்பு மஞ்சளாகி, மின்சாரம் நின்றுவிடும். இந்தமுறை ஈரத்தைத் தடுக்க எம்.ஓ.எஃப். என்ற நுண்துளைப் பொருளைப் பூசி, ஐந்து தகடுகளை நம் மாடியில் வைத்தேன். அத்தை அவித்த குறுவை நெல்லை ஆவி பறக்க அவற்றின்மேலேயே கொட்டிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"கண்ணாடிதானேம்மா, காஞ்சா எடுத்துக்கலாம்னு நினைச்சேன்" என்றார்.

மூன்றாம் நாள் நெல்லை அள்ளியபோது ஐந்தும் கறுப்பாகவே இருந்தன. மீட்டர் வைத்துப் பார்த்தேன்; மின்சாரம் குறையவில்லை. இப்போது அடுப்பில் நெல் கொதித்தாலே, "ஒன் தகட எடுத்துட்டு வாம்மா, ஆவில காட்டிப் பாக்கலாம்" என்று அத்தை கூப்பிடுகிறார்.

நீங்கள் இருக்கும் ஊரில் எனக்குப் பார்த்த லேப் வேலைக்கு இந்த மாதமே பதில் சொல்லச் சொன்னீர்கள். அந்த லேப் காற்றில் ஈரமே இருக்காதாமே.

எனக்காக வாங்கிவைத்த கம்பளிக் கோட்டைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிடுங்கள். அவளுக்கும் என் அளவுதான். பொங்கலுக்கு வாங்க. மாடியில் நெல்லுக்கும் தகடுகளுக்கும் நடுவே உங்களுக்கு இடம் விட்டுவைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு மாடியிலிருந்து,
உங்கள் மனைவி